ஒப்பாவுக்கு அடுத்தது அம்மா

இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரை ஒன்று இன்னும் என் கணினியில் கிடக்கிறது. 'விளம்பரம் கத்துகிறது, வலைப்பூ பேசுகிறது' என்று ஆரம்பிக்கும். இப்போது படித்தால் எழுதியவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது. தென்கொரியாவில், தேஜோன் நகரத்தில் ஒரு சுமாரான பல்கலைக்கழகத்தில், அதுவும் விளம்பரத் துறையிலேயே படித்துக்கொண்டு, விளம்பரத்தைத் திட்டி எழுதுவது பெரிய வீரம் என்று நினைத்திருந்தேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே நல்ல மதிப்பெண் போட்டார். அவருக்குத் தெரியும், இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று.

அப்போது எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. பெயர் 'ஐயாயிரத்துக்குள் மதியம்'. ஐயாயிரம் வோனுக்குள் வயிறு நிறைகிற கடைகளை மட்டும் எழுதுவேன். சொந்தக் காசில் சாப்பிட வேண்டும், எந்தக் கடையானாலும் ஒரு குறையாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே இரண்டு சட்டம் போட்டிருந்தேன். கிம்ச்சி இன்னும் இரண்டு நாள் புளித்திருக்கலாம், முதலாளி பேஸ்பால் பார்த்துக்கொண்டே சூப்பைக் கையில் ஊற்றிவிட்டார், இப்படி ஏதாவது இருக்கும். வாசகர்களுக்கு அந்தக் குறைதான் பிடித்தது. 'நாரே சொன்னால் நம்பிப் போகலாம்' என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதினால் அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாது.

ஒரே ஒரு கடையைப் பற்றி மட்டும் நான் எழுதவில்லை. அது என் அம்மாவின் கடை. அம்மா பெயர் போங் சுன்இம். ரயில் நிலையத்தின் பின்பக்கத் தெருவில் ஆறு மேசை போட்டுக் கல்குக்சு விற்கிறாள். மாவைத் தேய்த்து மடித்துக் கத்தியால் நறுக்கி, சிப்பிச் சாற்றில் வேகவைத்துத் தருகிற நூடுல்ஸ். அப்பா போன பிறகு அந்தக் கத்திதான் என்னைப் படிக்க வைத்தது. அம்மா கடையை எழுதினால் அது பதிவு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும் என்பது என் கொள்கை. கொள்கையோடு கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஆட்களும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. என் தோழிகள் யாரையும் நான் அங்கே அழைத்துப் போனதில்லை.

எங்கள் ஊரில் இணையத்தில் ஒரு கடையைத் தேடும்போது யாரும் கடையின் பெயரை மட்டும் தட்டுவதில்லை. அப்படித் தட்டினால் வந்து விழுவதெல்லாம் ஓசிச் சாப்பாட்டுக்கு எழுதிய பதிவுகள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கடைப்பெயரோடு 'ஒப்பாவோடு' என்றும் சேர்த்துத் தட்டுவார்கள். காதலனை ஒப்பா என்று கூப்பிடுகிற பெண் அவனோடு நிஜமாகவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதியிருப்பாள்; கூலிக்கு எழுதுகிறவனுக்கு அந்த வார்த்தை தோன்றாது என்று ஒரு நம்பிக்கை. ஊரே அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பாட்டுக் கடை தேடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் தாக் கியோங்மோ என்னைத் தேடி வந்தார். எங்கள் துறையின் பழைய மாணவர். கட்டாய ராணுவச் சேவை முடித்துத் திரும்பி, கடைசி ஆண்டைப் பாதியில் விட்டுவிட்டு, புது நகரப் பகுதியான துன்சானில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். காபி வாங்கிக் கொடுத்து, என் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிப்பதாகச் சொன்னார். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"உன் எழுத்துல எனக்குப் பிடிச்சது எது தெரியுமா நாரே? அந்தக் குறை. அதை மட்டும் எப்பவும் விட்டுடாத. நாங்க பத்துப் பேரை வச்சு எழுதறோம், ஒருத்தனுக்கும் குறை சொல்லத் தெரியல. எல்லாம் தேனை ஊத்தின மாதிரி இருக்கு. எவன் நம்புவான்?"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் பொருளின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலில் ஒரு கானாங்கெளுத்தி வறுவல் கடை. சாப்பாடு சும்மா, மேலே கொஞ்சம் கைச்செலவுக்கு. மீன் நன்றாகத்தான் இருந்தது. கை துடைக்கிற காகிதம் மெலிசாக இருக்கிறது என்று ஒரு குறை எழுதினேன். கடைக்காரர் சிரித்துவிட்டு மறுநாளே தடிமனான காகிதம் வாங்கி வைத்தார். அடுத்தடுத்து ஏழெட்டுக் கடைகள். எந்தக் கடைக்கும் வலிக்காத குறைகளைக் கண்டுபிடிப்பதில் நான் தேறிப்போனேன். நாற்காலி கொஞ்சம் உயரம், வாசலில் செருப்பு வைக்க இடம் போதவில்லை, பரிமாறுகிற அளவு ஒரு ஆளுக்கு அதிகம். அளவு அதிகம் என்பதை ஒரு குறையாகச் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். ஓசியில் சாப்பிட்டால் அதைப் பதிவில் சொல்லியாக வேண்டும் என்று விதி இருந்தது. நானும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், வரைபடத்துக்கும் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்தில்.

ஒப்பா யோசனை என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. எனக்குக் காதலன் யாரும் கிடையாது. ஆனாலும் 'ஒப்பாவோடு போனேன், ஒப்பா இரண்டு கிண்ணம் காலி பண்ணினான்' என்று எழுதினால் தேடலில் முதலில் வருவோமே என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். கியோங்மோ சீனியர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு எதிரில் அவர் உட்கார்ந்து, பெரிய கறுப்புக் கடிகாரம் கட்டிய மணிக்கட்டை மட்டும் படத்துக்குள் நீட்டுவார். முகம் கிடையாது. அந்த மணிக்கட்டுக்கு வாசகிகள் உருகினார்கள். 'நாரேவின் ஒப்பா கை எவ்வளவு அழகு' என்று ஒருத்தி எழுதினாள். நாங்கள் இருவரும் அதைப் படித்துவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தோம்.

இரண்டே மாதத்தில் அவர்களிடம் எழுதுகிற பத்துப் பேருக்கும் ஒப்பா முளைத்துவிட்டான். நம்பி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டோமே என்று எனக்கு ஒருநாள் கூட உறுத்தவில்லை. அந்த வருடம் எழுதிய கட்டுரையில் 'பழைய விளம்பரம் பார்வையாளனை ஊமையாக்கியது, புதிய விளம்பரம் அவனுக்கு வாய் கொடுக்கிறது' என்று எழுதினேன். தொட்டால் பதில் சொல்கிற, கேள்வி கேட்கிற, வாக்குப் போடச் சொல்கிற விளம்பரம்தான் இனி வரப்போகிறது, அங்கே வாங்குகிறவனும் விற்கிறவனும் சமம் என்று பக்கம் பக்கமாகத் தள்ளியிருந்தேன். மனதார நம்பித்தான் எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் 'நூறு கிண்ணம்' வந்தது. நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த கல்குக்சு நிறுவனம். தேஜோனில் புதிதாக ஒரு கிளை திறக்கப் போவதாகவும், எந்தப் பகுதியில் திறப்பது என்பதை மக்களே தீர்மானிப்பது போல ஒரு விளம்பரம் வேண்டும் என்றும் கியோங்மோ சீனியரின் நிறுவனத்திடம் கேட்டிருந்தார்கள். யோசனை சொல்ல என்னையும் உட்கார வைத்தார்கள். கைபேசித் திரையில் ஒரு கிண்ணம். விரலால் சுழற்றினால் நூடுல்ஸ் சுழலும், ஆவி எழும்பும். மூன்று சின்னக் கேள்வி. கடைசியில், 'உங்கள் தெருவுக்கு எங்களைக் கூப்பிடுங்கள்' என்று மூன்று பகுதிகளின் பெயர். துன்சான், யுசோங், ரயில் நிலையத்தின் பின்பக்கம். ஒன்றைத் தொட்டு, கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஒரு கிண்ணம் பாதி விலை.

என் வாசகர்களில் பாதிப் பேர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய நகரத்துக்காரர்கள். நல்லது எது வந்தாலும் துன்சானுக்கே போகிறது என்கிற வயிற்றெரிச்சல் அவர்களுக்கு உண்டு. அந்த வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டேன். 'நம்ம பக்கம் எப்பவும் கடைசிதானா? நிலையத்துக்குப் பின்னாடின்னா குப்பையா? எல்லாரும் கூப்பிடுங்க' என்று தினம் ஒரு பதிவு. எண்ணிக்கை ஏற ஏற அதை உடனுக்குடன் போட்டேன். வாசகர்கள் அக்கா தங்கையை, அலுவலகத்து ஆட்களை எல்லாம் இழுத்து வந்து தொட வைத்தார்கள். கடைசி நாளன்று யுசோங்கைப் பின்னுக்குத் தள்ளி எங்கள் பக்கம் ஜெயித்தது.

அம்மாவை நினைக்கவே இல்லையா என்று கேட்டால், நினைத்தேன். பெரிய கடை வந்தால் தெருவில் கூட்டம் வரும், வருகிற கூட்டத்தில் நாலு பேர் அம்மா கடைக்கும் திரும்புவார்கள் என்று என் காதில் நானே பூச் சுற்றிக்கொண்டேன். அந்தக் கிண்ண விளம்பரத்தைத்தான் வகுப்பில் படம் போட்டுக் காட்டினேன். மிக உயர்ந்த மதிப்பெண் எனக்கு.

ஆறு வாரம் கழித்து அம்மா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"எதிர்ல மின்சாமான் கடை இருந்துச்சுல்ல, அதை உடைச்சு எடுத்துட்டாங்கடி. கல்குக்சு கடை வருதாம். வாசல் முழுக்கப் பெரிய துணி கட்டியிருக்கான். 'நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்துவிட்டோம்'னு எழுதியிருக்கு. யாருடி கூப்பிட்டா?"

"தெரியலம்மா" என்றேன். அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான்.

கூட்டம் வந்தது. என் கணக்குப்படியே வந்தது. ஒருத்தர் கூட அம்மா பக்கம் திரும்பவில்லை. எதிரில் குளிரூட்டி, எண் கூப்பிடுகிற இயந்திரம், பாதி விலை. ரயில்வே ஆட்கள் முதல் இரண்டு வாரம் அம்மாவுக்காக வெட்கப்பட்டு இங்கேயே வந்தார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். அம்மாவுக்கு உதவியாகப் பதினோரு வருடம் இருந்த மியோங்ஜா அத்தையை, பொங்கிப் பொங்கி அழுதபடி, அம்மா நிறுத்தினாள். அழுதது அம்மா. மியோங்ஜா அத்தைதான் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். குளிர்காலம் வரைக்கும் பார்க்கலாம், அதற்குமேல் கதவைச் சாத்திவிடலாம் என்று அம்மா என்னிடம் சொன்னாள். குரலில் ஒன்றுமே இல்லை, மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. என் வலைப்பூவால் ஒரு கடையைக் கொண்டுவர முடிந்ததே, ஒரு கடையைக் காப்பாற்ற முடியாதா என்று வெறி வந்தது. அம்மாவிடம் சொல்லாமல் அவள் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இது என் அம்மாவின் கடை, யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை, இருபது வருடமாக இந்தக் கையால் நறுக்கிய மாவைத் தின்றுதான் வளர்ந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எப்போதும் எழுதுகிற பதிவு மாதிரியே இருந்தது. வாசலிலிருந்து ஒரு படம், கிண்ணத்தின் மேலிருந்து ஒரு படம், சிப்பியைச் சிறு கரண்டியில் தூக்கி ஒரு படம், மாவு ஒட்டிய அம்மாவின் கை. நடுவில் ஒரு குறையும் இருந்தது, கழிப்பறை கடைக்கு வெளியே இருக்கிறது என்று. கடைசியில் வரைபடம். வேறு மாதிரி எழுத என் கைக்கு மறந்துபோயிருந்தது.

காலையில் போட்டேன். மதியத்துக்குள் பின்னூட்டங்கள் குவிந்தன. முதல் இரண்டு மூன்று பேர் கண்கலங்கியதாக எழுதினார்கள். அதற்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: 'ஒப்பா போய் இப்ப அம்மா வந்தாச்சா? அடுத்தது பாட்டியா?' அதற்கு நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

அவ்வளவுதான், அவிழ்ந்துவிட்டது. யாரோ ஒருவன் என் பழைய பதிவுகளைத் தோண்டி, அதே கறுப்புக் கடிகாரம் கட்டிய மணிக்கட்டு வேறு மூன்று பெண்களின் பதிவிலும் ஒப்பாவாக இருப்பதை எடுத்து வரிசையாக வைத்தான். வெளிர்ச் சாம்பல் எழுத்துகளைக் கறுப்பாக்கிக் காட்டினான். நூறு கிண்ணத்தை ஊரைக் கூட்டிக் கூப்பிட்டதும் இவள்தானே, அதே தெருவில் இப்போது அம்மா எங்கிருந்து முளைத்தாள் என்று கேட்டான். உண்மையாகவே அம்மாதான் என்று நான் எழுத எழுத, கதையை நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறாள் என்றார்கள். நிஜமான என் அம்மாவை ஊர் முன்னால் நிரூபிக்க முடியாமல் நான் கதறிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் அம்மா கடைக்கு 'நடிகை அம்மா கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வாரம் ஒருநாள் மதியம் அம்மா கடையில் மூன்றே பேர் சாப்பிட்டார்கள்.

கியோங்மோ சீனியர் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குழைந்தார்.

"திட்டறவன் திட்டட்டும், அதை விடு. அந்தப் பதிவை ஒவ்வொருத்தனும் எவ்வளவு நேரம் படிச்சிருக்கான் தெரியுமா? நாங்க பார்த்ததே இல்ல. அம்மா நல்லா எடுபடுது நாரே. எங்ககிட்ட ஒரு கிம்ச்சி கம்பெனி இருக்கு, உன் அம்மாவையே உட்கார வச்சு..."

அது நடிப்பில்லை, அவள் நிஜமாகவே என் அம்மா என்றேன். அப்படியானால் நான் மனசைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், நூறு கிண்ணம் அந்த இடத்துக்கு வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டது என்றும், வாக்கு எப்படி விழுந்திருந்தாலும் அங்கேதான் வந்திருக்கும் என்றும் ஆறுதலாகச் சொன்னார். எதற்கு அத்தனை பேரைத் தொட வைத்தீர்கள் என்று கேட்டேன். கைபேசி எண்கள் வேண்டுமல்லவா என்றார். இது கூடத் தெரியாமலா விளம்பரத் துறையில் படிக்கிறாய் என்பது போல இருந்தது குரல்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனேன். அம்மா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விற்கிற ஒருத்தியின் மகன் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தான், பின்னூட்டம் உட்பட. நான் ஆரம்பிக்கும் முன்பே அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், நான் கூப்பிடாவிட்டாலும் அவன் வந்திருப்பான், முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டான் என்று அந்த ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மாவை மடித்து, கத்தியை எடுத்தாள்.

"வர்றது வந்திருக்கும்டி. நீ வான்னு கூப்பிட்டிருக்க வேணாம்."

நறுக்க ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்க் கிண்ணம் கழுவ ஆரம்பித்தேன். அழுகை வந்தது, அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் இடுப்பு வரை ஒரு துணித் திரைதான். அவர்கள் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. சாப்பிட வந்தவர்கள் இல்லை, பார்க்க வந்தவர்கள். திரையின் ஓரமாக எட்டிப் பார்த்தேன்; ஒருத்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் ஊரில் கடைக்காரப் பெண்களைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சித்தி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா. சாப்பிட்டுட்டே கேளு, ஆறிடும்."

"இந்தப் பிளாக்ல உங்களை அம்மான்னு எழுதியிருக்காளே, இவ நிஜமாவே உங்க பொண்ணா? இல்ல கம்பெனிக்காரங்க பேசி வச்சதா?"

திரையின் கீழ்வழியாக அம்மாவின் கால்கள் தெரிந்தன. ரப்பர் செருப்பு, மாவு தூவிய கறுப்புக் காலுறை. கைபேசியை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்திருப்பாள். அவள் கண்ணாடி என் பக்கத்தில், தண்ணீர்க் குழாயின் மேல் இருந்தது.

"கை என்னுதுதான்" என்றாள்.

"அப்ப பொண்ணு?"

"எனக்குப் பொண்ணெல்லாம் கிடையாதும்மா. யாரோ வந்து படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

கிண்ணத்தை நான் தொட்டியில் போடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போய் நான்தான் மகள் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் அது அவர்கள் கைபேசியில் ஏறும். யார் நம்பப் போகிறார்கள்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்கள் நேரில் போய்க் கேட்டதைப் போட்டுவிட்டார்கள். காணொளியோடு. பாவம் அந்தச் சித்தி, கம்பெனிக்காரர்கள் அவளுக்கே தெரியாமல் அவளை அம்மாவாக்கி இருக்கிறார்கள், எதிரில் அந்தப் பெரிய கடையைக் கூப்பிட்டுவிட்டு இங்கே வந்து பிழைப்பைக் கெடுக்கிறாளே அந்தப் பெண் என்று ஊரே கொதித்தது. என்னைக் கிழித்தவர்களே அவளைத் தூக்கிக் கொண்டாடினார்கள். 'ஏமாற்றப்பட்ட சித்தியின் கடை' என்று தேடிக்கொண்டு வந்தார்கள். முதலில் பத்துப் பேர், பிறகு வாசலில் வரிசை. சாப்பிட்டுவிட்டு, காசு வாங்காமல், தாங்களாகவே பதிவு எழுதினார்கள். யாரும் யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. மியோங்ஜா அத்தை திரும்ப வேலைக்கு வந்துவிட்டாள். குளிர்காலத்தில் கதவைச் சாத்துகிற பேச்சே எழவில்லை.

கியோங்மோ சீனியர் கடைசியாக ஒருதடவை கூப்பிட்டார். வியந்துபோயிருந்தார்.

"மறுக்கிறது! இது எங்களுக்குத் தோணவே இல்லையே. நீயும் உங்கம்மாவும் பேசி வச்சுத்தானே செஞ்சீங்க? நிஜத்தைச் சொல்லு."

இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த எண்ணை நீக்கினேன். ஆனால் அந்தக் கேள்வியை நீக்க முடியவில்லை. கடையைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாளா, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, இல்லை மனதில் பட்டதையே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

வலைப்பூவை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அழித்தால் ஏதோ மறைக்கிறோம் என்று மறுபடி தோண்டுவார்கள், கடைக்குக் கெடுதல். கடைசிப் பதிவின் கீழே இன்றும் யாராவது வந்து துப்பிவிட்டுப் போகிறார்கள். நான்காம் ஆண்டுக்கு ஆய்வுக் கட்டுரை தர வேண்டும். வலைப்பூ பேசுகிறது என்றும் விளம்பரம் வாய் கொடுக்கிறது என்றும் எழுதியவள் இப்போது என்ன எழுதுவாள்? பேசச் சொல்கிறவன் காது கொடுக்க மாட்டான், தலைகளை எண்ணிக்கொண்டிருப்பான் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். பேராசிரியர் அதற்கு அடிக்குறிப்பு கேட்பார்.

வீட்டில் அம்மா என்னோடு பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் சோறு வைக்கிறாள், துணி துவைத்தாயா என்று கேட்கிறாள். கடைக்கு மட்டும் வரச் சொல்வதில்லை. என் முகம் வலைப்பூவின் ஓரத்தில் இரண்டு வருடம் சிரித்துக்கொண்டிருந்த முகம். யாருக்காவது அடையாளம் தெரிந்துவிடும். மூன்று மாதம் போகாமல் இருந்தேன். போன வாரம் தாங்கவில்லை. முகக்கவசம் போட்டு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, மதிய நேரத்தில் போய் வரிசையில் நின்றேன். முன்னால் பதினைந்து பேர். பின்னால் நின்ற பெண்கள் அம்மாவின் கதையை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டே வந்தார்கள். எவளோ ஒருத்தி அம்மாவின் பெயரை விற்றுச் சாப்பிடப் பார்த்தாளாம்.

என் முறை வந்தபோது அம்மா வாசலுக்கு வந்தாள். முகக்கவசமாவது தொப்பியாவது, பெற்றவளுக்குத் தெரியாதா. என் கண்ணைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் உயர்ந்திருந்த கைபேசிகளைப் பார்த்தாள்.

"எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள்.

"ஒருத்திதான்."

"தனி ஆளுன்னா கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ரெண்டு பேரா வந்தவங்க முதல்ல போகட்டும்."

தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் உள்ளே போனார்கள்.